சந்தாப் பணம் திரும்ப வேண்டாம் என்று சொன்னது ஏன்? ட்வீட்பாட், அப்போலோ செயலிகளின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ட்விட்டரை வாசிக்க வேறொரு நிறுவனம் உருவாக்கிய ட்வீட்பாட் செயலியை அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2013-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, 2023 ஜனவரியில் அது முடங்கிய நாள் வரை பயன்படுத்தினேன். ரெடிட் என்ற விவாதத் தளத்தை வாசிப்பதற்கான அப்போலோ செயலி 2017 அக்டோபரில் வெளிவந்தது. அது அறிமுகமான சில மாதங்களிலேயே அதற்கு மாறி, 2023 ஜூன் 30 அன்று மூடப்படும் வரை அதில்தான் ரெடிட்டைப் படித்தேன். இரண்டிலும் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தேன். இரண்டும் சந்தாக் காலம் முடிவதற்கு முன்பே நின்றுபோயின. மீதிக் காலத்துக்கான பணம் தானாகத் திரும்ப வரும், வேண்டாம் என்றால் ஒரு பொத்தானை அழுத்தலாம் என்று இரண்டு செயலிகளும் கேட்டன. இரண்டு முறையும் நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன், எந்த இடத்தில் அப்படிச் செய்ய மாட்டேன் என்பதை, இதே கேள்வியை இனிமேல் சந்திக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணத்தைப் பற்றிய என் முடிவு அதன் தரத்திலிருந்தே பிறந்தது. ட்வீட்பாட்டில் விளம்பரம் கிடையாது. நான் பின்தொடரும் மனிதர்கள் எழுதியவை எழுதப்பட்ட நேர வரிசையிலேயே வரும். எனக்கு எது பிடிக்கும் என்று அது ஊகிக்க முயலவில்லை. பேருந்தில் போகும்போது கைப்பேசியில் எந்த ட்வீட்டோடு நிறுத்தினேனோ, வீட்டுக்கு வந்து ஐபேடைத் திறந்தால் அதே ட்வீட்டில் நிற்கும். ஒரு பட்டியலையே முதன்மை டைம்லைனாக வைத்துக்கொள்ள முடியும் என்பதால், கவிதையும் இலக்கியச் சண்டையும் ஒரு பட்டியல், வேலை தொடர்பான நிரலாளர்கள் ஒரு பட்டியல் என்று பிரித்து வைத்து, நேரத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது மியூட் வசதி. ஒரு சொல்லையோ, ஒரு ஹேஷ்டேகையோ, ஓர் ஆளையோ ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், நிரந்தரம் என்று அளவு வைத்து அமைதிப்படுத்த முடியும். ஐபிஎல் நடக்கும் இரவுகளிலும் பெரிய நடிகரின் படம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளிலும் தமிழ் ட்விட்டர் எப்படி இருக்கும் என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். அந்த ஹேஷ்டேகை ஒரு நாளைக்கு மட்டும் மியூட் செய்துவிட்டால், யாரையும் அன்ஃபாலோ செய்யாமல், யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல், மற்றதை நிம்மதியாக வாசிக்கலாம். மறுநாள் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஒரே தெருவில் குடியிருப்பவர்களோடு இணக்கமாக இருக்க வேண்டிய நமக்கு இந்த ‘ஒரு நாள்’ என்ற தேர்வு எவ்வளவு பெரிய வசதி என்று அதை வடிவமைத்த அமெரிக்கர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, எனக்கு அது மிகவும் பயன்பட்டது.

ட்வீட்பாட்டை உருவாக்கிய டாப்பாட்ஸ், பால் ஹடாடும் மார்க் ஜார்டினும் நடத்தும் மிகச் சிறிய நிறுவனம். அதே துறையில் அவர்களுக்கு மூத்தது ட்விட்டரிஃபிக். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரைச் சேர்ந்த ஐகான்ஃபேக்டரி அதை 2007-இல் மேக் கணினிக்காக வெளியிட்டது. ட்விட்டருக்கென்று சொந்தமாக ஐபோன் செயலி இல்லாத காலத்திலேயே ட்விட்டரிஃபிக் ஐபோனில் இருந்தது. நீல நிறப் பறவையைச் சின்னமாக முதலில் வைத்ததும் அவர்களே. திரையைக் குரலாக வாசிக்கும் வாய்ஸ்ஓவர் வசதியோடு அது நன்றாக இயங்கியதால், பார்வையற்ற பயனர்கள் பலர் அதையே தங்கள் செயலியாக வைத்திருந்தார்கள்.

விலையை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் ட்வீட்பாட் நான்காம் பதிப்பு அறிமுக விலையாக 4.99 டாலருக்கு வந்தது. 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பை, நான்காம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் ஆறாம் பதிப்போடுதான் சந்தா முறை வந்தது: மாதத்துக்கு 0.99 டாலர், ஆண்டுக்கு 5.99 டாலர். ஆக, ஐந்து டாலருக்கு ஒரே ஒரு முறை பணம் கொடுத்துவிட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்டேட்டுகளைப் பெற்றுக்கொண்டவர்கள் எங்களில் ஏராளம். இடையில் 2018 ஆகஸ்டில் ட்விட்டர் தன் நேரலை இணைப்பை வெளிச் செயலிகளுக்கு மூடியது. அதுவரை வைஃபையில் தானாக ஓடிக்கொண்டிருந்த டைம்லைன், அதன் பிறகு ஓரிரு நிமிட இடைவெளியில்தான் புதுப்பித்துக்கொண்டது. சில அறிவிப்புகள் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை. அப்போதும் அவர்கள் செயலியைக் கைவிடவில்லை, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

2023 ஜனவரி 12 அன்று, அமெரிக்க நேரப்படி மாலையில், ட்வீட்பாட்டும் ட்விட்டரிஃபிக்கும் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வேலை செய்யாமல் போயின. சில நாட்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை. நீண்டகாலமாக இருந்துவரும் விதிகளை நடைமுறைப்படுத்துகிறோம் என்று ட்விட்டர் 17-ஆம் தேதி அறிவித்தது; எந்த விதி என்று சொல்லவில்லை. 19-ஆம் தேதி உருவாக்குநர்களுக்கான ஒப்பந்தம் திருத்தப்பட்டு, ட்விட்டரின் சொந்தச் செயலிக்கு மாற்றாகவோ அதைப்போலவோ இன்னொன்றை உருவாக்கக் கூடாது என்ற வரி சேர்க்கப்பட்டது. பதினாறு ஆண்டு வயதான ட்விட்டரிஃபிக் அன்றே மூடப்பட்டது.

இனி ரீஃபண்ட். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் சந்தா வைத்திருக்கும் செயலி பாதியில் நின்றுபோனால், மீதிக் காலத்துக்கான தொகை கணக்கிட்டுத் திருப்பித் தரப்படும். அந்தத் தொகையில் ஆப்பிள் ஏற்பது தன் தரகுப் பங்கை மட்டுமே. பெரும்பங்கு செயலியை உருவாக்கியவர் கணக்கிலிருந்து போகும். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் இரண்டுக்கும் கடைசியாக ஓர் அப்டேட் வந்தது. எதுவும் செய்யாமல் இருந்தால் ரீஃபண்ட் தானாக வந்துவிடும். வேண்டாம் என்றால் அதற்கொரு பொத்தான் உண்டு. டாப்பாட்ஸ், ட்விட்டரைப் போன்ற மாஸ்டடான் தளத்துக்கென ஜனவரி 24 அன்று ஐவரி என்ற புதிய செயலியை வெளியிட்டிருந்ததால், மீதிச் சந்தாவை ஐவரிக்கு மாற்றிக்கொள்ளும் மூன்றாவது வழியையும் ட்வீட்பாட் கொடுத்தது.

அந்த மூன்றாவது வழி எனக்குப் பயன்படவில்லை. நான் வாசித்துவந்த தமிழர்களில் மிகச் சிலரே மாஸ்டடானுக்குப் போனார்கள். போனவர்களிலும் பலர் சில வாரங்களில் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லாத ஊருக்கு நல்ல பேருந்து வந்தும் எனக்குப் பயனில்லை என்பதால், ஐவரி நேர்த்தியான செயலி என்று தெரிந்தும் அதை எடுத்துக்கொள்ளாமல் நேராக ‘ரீஃபண்ட் வேண்டாம்’ என்பதையே தேர்ந்தெடுத்தேன்.

அது எவ்வளவு தொகை என்று பார்க்கலாம். ஆண்டுக்கு 5.99 டாலர் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய அரை டாலர். ஐந்து மாதம் மீதமிருந்தவருக்கு இரண்டரை டாலர், அன்றைய மாற்று மதிப்பில் 200 ரூபாயை ஒட்டிய தொகை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தானியங்கிக் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, 2022-இல் ஆப்பிள் இங்கே கார்டு வழியாகப் பணம் பெறுவதை நிறுத்தியது. அதனால் நம்மில் பலர் யுபிஐ மூலம் ஆப்பிள் கணக்கில் முன்கூட்டியே பணம் ஏற்றி, அந்த இருப்பிலிருந்துதான் சந்தா கட்டினோம். அப்படிக் கட்டிய பணம் திரும்பும்போது வங்கிக்கு வராது. அதே ஆப்பிள் இருப்புக்குத்தான் போகும். அதாவது, சிறு நிறுவனத்தின் கையிலிருந்து எடுக்கப்படும் தொகை நம் வீட்டுச் செலவுக்கு வருவதில்லை; ஆப் ஸ்டோரிலேயே வேறொன்றை வாங்கத்தான் உதவும். என் முடிவில் இதற்கும் பங்கு உண்டு என்றாலும், வங்கிக்கே வந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் வாதம் இதுதான். ஆண்டுச் சந்தா என்பது வடிவத்தில் பன்னிரண்டு மாதச் சேவைக்கான விலை. ஆனால் இத்தகைய செயலியில் உழைப்பு மாதத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிந்து கிடப்பதில்லை. மாதச் சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்கிய மெஸ்காரரைக் கட்டட உரிமையாளர் இருபதாம் தேதி வெளியேற்றிவிட்டால், மீதி பத்து நாள் சோறு இன்னும் சமைக்கப்படவில்லை. அரிசி வாங்கவில்லை, விறகு எரியவில்லை. அந்தப் பணத்தைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ட்வீட்பாட்டில் சமையல் பெரும்பாலும் முன்பே முடிந்துவிட்டது. நான் கட்டிய ஆறு டாலர், அதற்கு முந்தைய ஆண்டுகளில் செதுக்கப்பட்ட ஒரு பொருளுக்கும், அதை ஓட்டைகள் இல்லாமல் பராமரித்த கைகளுக்கும் சேர்ந்ததாகவே எனக்குப் பட்டது. அந்தக் கைகள் தாங்களாக வேலையை நிறுத்தவில்லை. வெளியே இருந்து வந்த ஒரு முடிவால் ஓர் இரவில் நிறுத்தப்பட்டன. நின்றுபோன அந்த மாதமே அவர்களுக்கு வருமானமும் நின்றது. அதோடு, சென்ற மாதங்களில் வந்து, சம்பளமாகவும் வரியாகவும் செலவாகிவிட்ட பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பிறருடைய தளத்தின் மேல் தொழில் கட்டியவர் அதன் ஆபத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். 2012-லேயே ட்விட்டர் புதிய வெளிச் செயலிகளுக்கு 1,00,000 பயனர் என்று உச்சவரம்பு வைத்தது. மேக் கணினிக்கான ட்வீட்பாட்டை 20 டாலருக்கு விற்றதற்கே அந்த வரம்புதான் காரணம். இப்படி ஆட்டம் காணும் தரை என்று தெரிந்தும் ஆண்டுச் சந்தா வாங்கியவர், மீதிக் காலத்துப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா என்பது அந்தக் கேள்வி. கணக்கியலும் இதையேதான் சொல்கிறது: முன்கூட்டியே வாங்கிய சந்தா, சேவை தரப்படும் வரை சம்பாதித்த பணம் ஆகாது, பொறுப்புத்தான். நான் இதை ஏற்கிறேன். ஆகையால்தான் ரீஃபண்டை மறுப்பது வாடிக்கையாளரின் கடமை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் இதே ட்விட்டர் 2021-இல் தன் விதிகளைத் தளர்த்தி, வெளிச் செயலிகளுக்கு இருந்த பழைய கட்டுப்பாடுகளை நீக்கியதும் உண்மை. அந்த ஆண்டில் ஆண்டுச் சந்தாவைத் தொடங்கியவரை அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது. மேலும், தரை ஆட்டம் காண்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். தெரிந்தேதான் நான் அந்த மலிவான ஆண்டு விலையை எடுத்துக்கொண்டேன்.

அப்போலோவின் கதையில் எண்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன, ஏனெனில் அதை உருவாக்கிய கனடியர் கிறிஸ்டியன் செலிக் அவற்றைப் பொதுவில் வைத்தார். வெளிச் செயலிகள் தளத்திலிருந்து பதிவுகளைப் பெற உதவும், அதுவரை இலவசமாக இருந்த ஏபிஐ இணைப்புக்கு ரெடிட் கேட்கும் விலையை 2023 மே 31 அன்று அவர் வெளியிட்டார்: செயலி தளத்திடம் தரவு கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோரிக்கை என்ற கணக்கில், 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர். அப்போலோ மாதத்துக்கு 700 கோடி கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 17 லட்சம் டாலர், ஆண்டுக்கு 2 கோடி டாலர் என்ற அளவில் வரும். படங்களுக்கான இம்கர் தளத்துக்கு, அதே 5 கோடி கோரிக்கைகளுக்கு, 166 டாலர்தான் கட்டிவருவதாகவும் அவர் குறிப்பிட்டார்.

ஆண்டுச் சந்தாவே அவரை எப்படி மாட்டிவிட்டது என்பது இங்கேதான் புரிகிறது. அவர் கணக்குப்படி சராசரிப் பயனர் ஒருவர் நாளொன்றுக்கு 344 கோரிக்கைகள் அனுப்புகிறார். புதிய விலையில் அதற்கு மாதம் ஏறக்குறைய 2.50 டாலர் ஆகும். ஆண்டுக்கு 12.99 டாலர் கட்டியவரிடமிருந்து மாதத்துக்கு செலிக்குக்கு வருவது, ஆப்பிளின் தரகு போவதற்கு முன்பே, 1.08 டாலர். புதிய பயனர்களுக்கு விலையை ஏற்றலாம். ஏற்கெனவே ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டவரிடம் மேலும் கேட்க முடியாது. அந்தப் பயனர் செயலியைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் செலிக்குக்கு நட்டம். விலை தெரிந்த நாளுக்கும் அது நடைமுறைக்கு வந்த ஜூலை 1-க்கும் இடையே இருந்தது ஒரே மாதம். சந்தாக்காரர் எண்ணிக்கை குறைவாக இருந்த, அல்லது உடனடியாகக் கட்டண முறையை மாற்றிக்கொள்ள முடிந்த ரிலே, நார்வால் போன்ற வேறு ரெடிட் செயலிகள் பிழைத்தன. அப்போலோவும், ரிஃப், சிங்க், பேக்கன்ரீடர் போன்றவையும் மூடப்பட்டன.

ரீஃபண்டுகளின் மொத்தச் சுமை ஏறக்குறைய 2,50,000 டாலராக இருக்கும் என்று செலிக் சொன்னார். அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாய். பெரும்பாலும் ஒற்றை ஆளாக உழைத்த ஒருவர், தொழிலை மூடும் அதே மாதத்தில் இந்தத் தொகையையும் எதிர்கொள்கிறார். எனக்கு வரவேண்டியது சில டாலர்கள். என்னிடம் அது ஓர் இரவுச் சாப்பாட்டுச் செலவு. என்னைப் போன்றவர்களின் சில டாலர்கள் எல்லாம் சேரும் இடத்தில் அது ஒரு மனிதரின் பல ஆண்டுச் சேமிப்பு. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்த எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

கேட்ட முறையையும் சொல்ல வேண்டும். மூன்று செயலிகளிலும், ஒன்றும் செய்யாமல் இருப்பவருக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிடும் என்பதே இயல்பான ஏற்பாடு. விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்தான் செயலியைத் திறந்து, வாசித்து, தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தலைகீழாக வைத்து, கேட்பவருக்கு மட்டுமே ரீஃபண்ட் என்று யாராவது ஏற்பாடு செய்திருந்தால் என் பதிலும் தலைகீழாக இருந்திருக்கும்.

உண்மையில் அப்படி ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. குறிப்பெடுக்கும் செயலி ஒன்று. சிறு நிறுவனந்தான், நானும் விரும்பிப் பயன்படுத்தியதுதான். ஆண்டுச் சந்தாவுக்குப் பெரிய தள்ளுபடி என்று மின்னஞ்சல் அனுப்பி, அது ஓய்ந்த சில வாரங்களில் மூடுகிறோம் என்று அடுத்த மின்னஞ்சல் அனுப்பினார்கள். எழுதிய குறிப்புகளைத் தரவிறக்கக் கொடுத்த அவகாசமும் போதவில்லை. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் முறைப்படி கேட்டு, கடைசி ரூபாய் வரை வாங்கிக்கொண்டேன். மூடப்போவது தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ பணம் வாங்குகிறவருக்கு, சிறியவர் என்ற காரணத்துக்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்கள் விஷயத்தில் யோசிக்கவே தேவையில்லை. ட்வீட்பாட் முடங்கிய அதே வாரத்தில், 2023 ஜனவரி 18 அன்று, கூகுள் தன் ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை மூடியது. தன் கடையில் விற்ற கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மூடுவது அந்த நிறுவனத்தின் சொந்த முடிவு, பணம் அதன் பெட்டியில் ஒரு துளி. அதை வாங்காமல் விடுவதால் எந்தத் தொழிலாளிக்கும் எந்த நன்மையும் இல்லை.

அதேபோல, 200 ரூபாய் எல்லோருக்கும் ஒரே 200 ரூபாய் அல்ல. மாணவர்களும், ஒவ்வொரு சந்தாவையும் எண்ணி எண்ணிக் கட்டுகிறவர்களும் ரீஃபண்டை வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. சமூக வலைத்தளங்களில் அப்போது சிலர், பணத்தைத் திரும்பப் பெற்றவர்களை நன்றியில்லாதவர்கள் என்ற தொனியில் எழுதினார்கள். அது தவறு, செயலியை உருவாக்கியவர்களே அப்படிக் கேட்கவில்லை. மனமுவந்து விடுவதற்குத்தான் மதிப்பு. நெருக்கி வாங்கினால் அது வேறொன்றாகிவிடும்.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் கவனித்துவருகிறேன். டாப்பாட்ஸ் ஐவரியைத் தொடர்ந்து வளர்த்தது. ஐகான்ஃபேக்டரி 2024 ஜனவரியில் டேப்பஸ்ட்ரி என்ற புதிய செயலிக்காக மக்களிடம் நிதி கேட்டது. இலக்காக வைத்த 1,00,000 டாலரைத் தாண்டி நிதி சேர்ந்து, 2025 பிப்ரவரியில் செயலி வெளிவந்தது. பல தளங்களின் பதிவுகளையும் பாட்காஸ்ட்களையும் ஒரே டைம்லைனில், நேர வரிசையில் வாசிக்கலாம். எந்த ஒரு தளத்தையும் மட்டும் நம்பி நிற்காத அமைப்பு என்பதால், ட்விட்டரிஃபிக்கிற்கு நேர்ந்தது இதற்கு அவ்வளவு எளிதில் நேராது. ரீஃபண்ட் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதால்தான் இந்த நிறுவனங்கள் பிழைத்தன என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் அந்த மார்ச் மாதத்தில் அவர்கள் கணக்கிலிருந்து போகாமல் நின்ற ஒவ்வொரு டாலரும் அடுத்த வேலையைத் தொடங்க உதவியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் பழக்கத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. தன் சொந்தக் காலில் நிற்கும் செயலிக்கு, அதாவது இணையம் இல்லாவிட்டாலும் என் கருவியிலேயே இயங்கக்கூடிய எழுத்துச் செயலி, படச் செயலி போன்றவற்றுக்கு, இப்போதும் ஆண்டுச் சந்தாவே கட்டுகிறேன். இன்னொருவர் தளத்தின் கதவு திறந்திருந்தால் மட்டுமே உயிர் வாழக்கூடிய செயலிக்கு, ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் அதிகமானாலும், மாதச் சந்தாதான். கதவு அடைபட்டால் எனக்கு இழப்பு சில நாட்கள். உருவாக்கியவருக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய சுமையும் அநேகமாக இருக்காது. புதிதாக இத்தகைய செயலி தொடங்குகிறவர்கள் ஆண்டுச் சந்தாவையே வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால், ரீஃபண்ட் வேண்டாம் என்ற பொத்தானுக்கு அருகிலேயே விட்டுக்கொடுக்கப்படும் தொகை எவ்வளவு என்பதையும் ரூபாயில் காட்டிவிட்டால், வாடிக்கையாளர் தெரிந்தே முடிவெடுக்க முடியும்.